சாந்திக்காக வெட்டிய கூரை

1

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்ற ஓர் ஆள் வந்தார். மழைக்கு முன்னால் உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ஏணியில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தவர், "என்னக்கா, பட்டப்பகல்ல வீடு இப்படி இருண்டு கெடக்கு? நடுவுல ஒரு கண்ணாடி ஓடு சொருகி விட்டுரட்டா?" என்று கேட்டார்.

கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கோடாரியைக் கீழே போட்டார்.

"வேணாம்."

"சும்மாதாண்ணே. என்கிட்ட ஒண்ணு மிச்சம் கெடக்கு."

"வேணாம்னா விட்டுருப்பா" என்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருப் பக்கம் போய்விட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.  ஓட்டுக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, "நான் எதுவும் தப்பா கேட்டுட்டனாக்கா?" என்றார். பாவம், அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

கூரையில் வெளிச்சம் வைப்பது இந்த ஊரில் அவ்வளவு லேசான காரியம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓர் ஓட்டை உருவிவிட்டு இன்னொன்றை வைத்தால் முடிந்தது. இலங்கையில் ஹல்துமுல்லைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், நாங்கள் அதே வேலையைச் செய்தோம். அதனால்தான் இன்றைக்கு இங்கே இருக்கிறோம். பதுளைப் பக்கம் இன்னும் இருக்கிற உங்களில் சிலருக்கு அந்தக் கதை காதில் விழுந்திருக்கலாம். என் வீட்டுக்காரரைப் பற்றி, ஆறுமுகம் தோட்டத்துத் துரையை எதிர்த்தான், துரையின் முன்னால் தகரத்தை வீசினான் என்று பலவிதமாகச் சொன்னார்களாம். நடந்ததை நடந்தபடி ஒரு தரம் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

நாங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கேயும் தேயிலைதான். இங்கேயும் மலைதான், பனிதான். அரசாங்கத் தாள்களில் எங்களைத் தாயகம் திரும்பியவர்கள் என்று எழுதுகிறார்கள். கடைத்தெருவில் சிலோன்காரங்க என்கிறார்கள். வந்த புதிதில் கடையில் போய், "ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு றாத்தல் பாண்" என்று கேட்டேன். கடைக்காரர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர், "பாட்டில்னு சொல்லும்மா, பிரெட்டுன்னு சொல்லும்மா" என்று எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்.

அலுவலகத்தில் "சொந்த ஊர் எது?" என்றார்கள். பதுளை என்றேன். "அது இல்லம்மா, இந்தியாவுல சொந்த ஊர்." மாமனாரின் தகப்பன் முசிறிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து கப்பலேறினார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். முசிறி என்றே எழுதிக்கொண்டார்கள். அந்த ஊரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மகள் சாந்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். தாவணியை இழுத்துப் போர்த்தி அதை மறைத்துக்கொள்வாள். பொங்கலுக்கு வந்தாள். நான் எதையோ சொல்லும்போது லயம் என்ற வார்த்தை வந்துவிட்டது. "அம்மா, இங்க அப்படியெல்லாம் சொல்லாதீங்க. என்கூட வேலை செய்யிறவங்கள்ட்ட நான் கோத்தகிரின்னுதான் சொல்லியிருக்கேன்" என்றாள். ஒரு நாள் அந்தக் கூரையைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா" என்றாள். இருக்கலாம். அப்போது அவளுக்கு ஆறு வயது.

3

எழுபதுகளின் தொடக்கம். அரிசி சரியாகக் கிடைக்காமல் கிழங்கும் கீரையும் தின்ற காலம். அது உங்களுக்கு மறந்திருக்காது.

சாந்தி நடக்கும்போது முதுகைப் பிடித்துக்கொள்வாள். பிறகு குனியமாட்டேன் என்றாள். பிறகு ஒரு நாள் காலையில் கால் வரவில்லை என்று படுத்துவிட்டாள். தோட்டத்து மருந்துக்காரர் வாதம் என்று எண்ணெய் கொடுத்தார். குறையவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். 

"பிள்ளையின்ர முள்ளந்தண்டில காசம் பிடிச்சிருக்கு. மருந்து இருக்கு, மாறிச் சுகமாகும். ஆனா பிள்ளை அசையக் கூடாது. மல்லாக்கப் படுத்தபடியே கிடக்க வேணும்."

"எம்புட்டு நாளைக்குங்க?"

"மாசக் கணக்கில. ஒரு வருசமும் ஆகலாம்."

கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை மாக்கட்டுப் போட்டார்கள். கொஞ்ச நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு, இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "நல்ல காற்றும் வெயிலும் படுற இடத்தில வையுங்கோ" என்று டாக்டர் சொன்னார். அவர் லயத்தைப் பார்த்ததில்லை.

எங்கள் லயம் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னால் ஒரு கதவு. சன்னல் வைக்க எங்கேயும் இடமில்லை. நாங்கள் இரண்டு பேரும் விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் நாய் வரும், மாடு வரும், பனி உள்ளே புகும். விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போகவோ பயம். அசைய முடியாத பிள்ளை, சாக்குப் படுக்கை, பக்கத்தில் நெருப்பு. ஆகவே அவளுக்குப் பக்கத்தில் தண்ணீரும் ரொட்டித் துண்டும் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனோம்.

முதலில் அழுதாள். நான் மேட்டில் ஏறும்வரை அந்தச் சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில் அழுகை நின்றது. நின்றபோதுதான் நான் பயந்தேன். மத்தியானம் ஓடி வந்து கதவைத் திறந்தால் அவள் கண் கூசி முகத்தைச் சுருக்குவாள், பேசமாட்டாள். சோற்றை வாயில் வைத்தால் மெல்லாமல் வைத்திருப்பாள். ஒரு நாள், "அம்மா, நான் செத்துட்டேனா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் வாசலில் நின்று வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மல்லாந்து கெடக்கிற புள்ளைக்குக் கூரை மட்டுந்தானே தெரியுது, பாக்கியம்" என்றார்.

4

கூரையில் ஒரு கண்ணாடி வைக்க உத்தரவு வேண்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னோம். அவர் துரையிடம் சொன்னார். பதில் வரவில்லை. இவர் பெரட்டுக் களத்தில் நேரே துரையிடமே கேட்டார். துரை இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்:

"கூரை கம்பெனிச் சொத்து. ஒருத்தனுக்கு வெட்ட விட்டா நாளைக்கு எல்லா லயத்துக்காரனும் வருவான்னு சொல்றாரு."

"கண்ணாடி நாங்க வாங்கிக்கிறோங்க. வேலையும் நானே செஞ்சுக்கிறேன்."

"ஆறுமுகம், வெளங்காம பேசாத. போ, மலைக்குப் போ."

இன்னும் ஒரு தரம் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

மருந்து எடுக்கப் பதுளைக்குப் போன நாளில் கடைத்தெருவில் ஹமீது நானா கடையில் ஏறினோம். ஆணி, தாழ்ப்பாள், கண்ணாடி எல்லாம் அங்கே விற்பார்கள். கண்ணாடி விலையைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "என்னத்துக்கு இவ்வளவு தடிச்ச கண்ணாடி?" என்று நானா கேட்டார். இவர் சொன்னார். நானா முழுதாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார். கடையில் பழைய அலுமாரி ஒன்றின் தட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இத எடுங்க. ஓரத்துல கொஞ்சம் ஒடஞ்சீக்கிது, பாதகமில்ல. ஒங்கட புள்ளைக்கு நான் தந்ததா இருக்கட்டும். ஆனா மேல தகரத்துக்குக் கீழயும், கீழ்த் தகரத்துக்கு மேலயும் வைக்கோணும். மாத்தி வெச்சா மழத்தண்ணி உள்ள வரும்."

அந்தக் கண்ணாடியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தோம். ஹப்புத்தளையைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து இறங்கும் அல்லவா? ஒவ்வொரு வளைவிலும் இவர் கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் கைக்குழந்தை என்று நினைத்து இடம் விட்டார்கள்.

5

ஞாயிற்றுக்கிழமை, துரை கிளப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து இவர் கூரையில் ஏறினார். சாந்தியின் முகத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டு, அதற்கு மேலே முறத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். தகரம் வெட்டும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. துருவும் கரியும் பொடிப்பொடியாக முறத்தில் விழுந்தன. பிறகு சத்தம் நின்றது.

"பாக்கியம், துணிய எடு" என்று மேலிருந்து கேட்டது.

துணியை எடுத்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். மெல்லத் திறந்தாள். மேலே அவளுடைய அப்பாவின் முகம், அதற்குப் பின்னால் வெள்ளையாக மேகம். "அப்பா, நீங்க ஏன் அங்க இருக்கீங்க?" என்றாள். வாரக்கணக்கில் பேசாத பிள்ளை.

கண்ணாடி தட்டை, தகரம் அலையலையாக வளைந்தது. இடையில் இருந்த சந்துகளில் தாரில் தோய்த்த சாக்கைத் திணித்தார். ஆனாலும் முதல் மழைக்கு ஒழுகியது. படுக்கையை நகர்த்தி வைத்து, மறுபடி ஏறி, மறுபடி தார் பூசினார். மூன்றாவது மழைக்கு ஒழுகவில்லை.

அடுத்து நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. காம்பரா என்று நாங்கள் சொல்கிற பக்கத்து வீட்டிலிருந்து ராசாத்தி முறத்தோடு வந்தாள். "உன் வீட்டுல அரிசியில கல்லு நல்லாத் தெரியுதாமே" என்று சாந்தியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை பெற்று வேலைக்குப் போகாமல் இருந்த பெண்கள் பேன் பார்க்க வந்தார்கள், கிழிசல் தைக்க வந்தார்கள். ஊசியில் நூல் கோக்க முடியாத ஒரு பாட்டி தினமும் வந்து ஊசியை நீட்டுவார். சாந்தி படுத்தபடியே வெளிச்சத்தில் பிடித்துக் கோத்துக் கொடுப்பாள். நான் மலையிலிருந்து வரும்போது என் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கு அதை நம்ப முடியாது. வாசலில் நின்று கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

சாந்தி சாப்பிட்டாள். எந்த நேரத்தில் வெயில் தன் கைக்கு வரும், எப்போது காலுக்குப் போகும் என்று சொன்னாள். கண்ணாடி மேல் நடக்கிற மைனாவுக்குப் பெயர் வைத்தாள்.

6

அந்தக் கண்ணாடியே எங்களைக் காட்டிக் கொடுத்தது. மேல் ரோட்டில் துரையின் ஜீப் போகும்போது, வரிசையாகக் கறுத்துக் கிடந்த கூரைகளின் நடுவில் ஒன்று மட்டும் மினுங்கியது. ஜீப் நின்றதை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எல்லாரும் பார்த்தோம்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை, "ஆறுமுகம், யாரைக் கேட்டு வெட்டினே?" என்றார்.

"உங்களைக் கேட்டுத்தாங்க. துரையையும் கேட்டேங்க."

"கேட்டே. உத்தரவு குடுத்தாங்களா?"

 அன்றைக்கு வேலை இருந்தது, போனோம். மத்தியானம் நான் லயத்துக்கு வரும்போது ராசாத்தி எதிரே ஓடி வந்தாள். "அக்கா, கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன், உள்ள புள்ள இருக்குன்னு. ஆபீசு ஆளுங்க கேக்கல" என்று அழுதாள்.

உள்ளே பழைய இருட்டு. கண்ணாடிக்கு மேல் ஒரு முழுத் தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். விளக்கை ஏற்றினேன். சாந்தியின் முகம் முழுக்கத் துரு. கண்ணிரண்டும் சிவந்து வீங்கி நீர் வடிந்தது. அவளால் திரும்ப முடியாது. நேரே முகத்துக்கு மேலே, கூரையில் ஆணி அடித்திருக்கிறார்கள்.

"கத்துனியாம்மா?"

"கத்துனேம்மா. அவங்க அடிக்கிற சத்தத்துல கேக்கல."

தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவினேன். பாதித் தண்ணீர் அவள் காதுக்குள் போனது. முந்தானையால் துடைத்தேன். 

7

இவர் வந்தார். பிள்ளையின் கண்ணைப் பார்த்தார்.  அலவாங்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில், லயமே பார்த்துக்கொண்டிருக்க, கூரையில் ஏறினார். "வேணாம்ண்ணே, எறங்குங்க, எங்களையும் சேத்து வெரட்டிடுவாங்க" என்று ஒருவர் கத்தினார். நானும் கீழே நின்று, "எறங்குங்க" என்றேன். மனதுக்குள் இறங்கிவிடாதீங்க என்று வேண்டிக்கொண்டேன். அவர் ஆணிகளை நெம்பித் தகரத்தைப் பிய்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருந்தது, உடையவில்லை.

அந்தத் தகரத்தை வீசியதாகச் சொல்வது பொய். தலையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். வாசல் சுவரில் பக்குவமாகச் சாய்த்து வைத்தார். "உங்க தகரங்க. ஒண்ணும் நெளியல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்று மாலையே அவருக்கு வேலையை விட்டு நிறுத்துகிற பற்றுச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். வேலை இல்லை, மாதக் கடைசிக்குள் காம்பராவை விட வேண்டும். கண்ணாடியை யாரும் திரும்ப மூடவில்லை. எங்களையே வெளியேற்றுகிறபோது அதை மூட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

பற்றுச்சீட்டோடு வந்த ஆளுக்கு வேறு தோட்டத்தில் வேலை கொடுப்பார்களா? இவர் பூனாகலை வரை நடந்து கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் கதை முந்திக்கொண்டு போயிருந்தது. மாமனார் காலத்தில் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டு எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. பிள்ளை எழும்பி நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அதைப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். இப்போது அதை எடுத்தோம். வேறு வழி இருந்ததா என்று இன்றும் யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

பதுளை டாக்டரிடம் போனேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப பிள்ளையைக் கொண்டு போகேலாது அம்மா. எலும்பு இப்பதான் பிடிக்குது. றெயில், கப்பல் எண்டு உலுப்புப்பட்டா முதுகு வளைஞ்சிடும். இன்னும் மூண்டு மாசம் பொறுங்கோ."

"எங்க வச்சுக்கிட்டுப் பொறுக்கிறதுங்கய்யா?"

அவர் யோசித்தார். "நான் வார்டில எப்பிடியும் ஒரு கட்டில் எடுத்துத் தாறன். நீங்கள் போங்கோ. பிள்ளை சுகமானதும்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். நாங்கள் கப்பலேறிவிட்டால் திரும்பி வர முடியாது என்பது அவருக்கும் தெரியும். அவளை யார் கொண்டுவந்து எங்களிடம் சேர்ப்பார்கள்?  பிறகு அவர் எழுந்து, வழிக்கு வேண்டிய மருந்தைத் தானே கட்டிக் கொடுத்தார். "கட்டு நனையாமப் பாருங்கோ" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

அவளுடைய முதுகு அந்தப் பயணத்தால் வளைந்ததா, இல்லாவிட்டாலும் வளைந்திருக்குமா? இங்கே இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். ஒருவர் இருக்கலாம் என்றார். மற்றவர், இப்போது அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றார்.

8

தேயிலைப் பெட்டிப் பலகைகளை இணைத்து, மேலே சாக்கும் கம்பளியும் விரித்து, அதில் சாந்தியைப் படுக்க வைத்துக் கட்டினோம். லயத்து ஆம்பிளைகள் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்தார்கள். எறங்குங்க என்று கத்தியவரும் அதில் இருந்தார். பெண்கள் சத்தமாக அழுதார்கள். ராசாத்தி மட்டும் அழாமல், "காம்பராவ என் தங்கச்சி புருசனுக்குக் கேட்டிருக்கோம்க்கா. கண்ணாடிய நாங்க பாத்துக்கிறோம்" என்றாள்.

ஹப்புத்தளையில் ரயில். ஜன்னல் வழியாகப் பலகையை உள்ளே தள்ளினார்கள். இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். வழியெல்லாம் அவளுக்கு ரயிலின் கூரைதான். தலைமன்னாரில் சோதனைக் கொட்டகையின் கூரை. ஒரு அதிகாரி மாக்கட்டைத் தட்டிப் பார்த்து, உள்ளே நகை வைத்திருக்கிறோமா என்று கேட்டார். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். தகரத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்த மனிதர், அங்கே கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

கப்பலின் உள்ளே கூட்டம், வாந்தி, வெக்கை. பலகையை வைக்க இடமில்லை. "மேல் தட்டுல வைங்க, காத்தாவது வரும்" என்று கப்பல் ஆள் ஒருவர் சொன்னார். தூக்கிக்கொண்டு போய் மேல் தட்டில் திறந்த வெளியில் வைத்தோம். பத்துப் பதினொரு மணி வெயில். ஒரு மேகம் இல்லை. நான் அவளுடைய முகத்துக்கு நேரே குனிந்து, "பாரு சாந்தி, எம்மாம் பெரிய வானம்! டாக்டரய்யா சொன்ன மாதிரி நல்ல வெயில்" என்றேன்.

அவள் பார்த்தாள். உதடு கோணியது. மாக்கட்டுக்குள் நெஞ்சு ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது. அவளால் தலையைத் திருப்ப முடியாது. எங்கே பார்த்தாலும் அதுதான் இருந்தது. இரண்டு கையாலும் பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, மூடிருங்கம்மா. மேல ஒண்ணுமே இல்லம்மா. விழுந்துருவேம்மா."

நான் இவரைப் பார்த்தேன்.  பெட்டியைத் திறந்து என் பழைய சேலையை எடுத்தார். ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறு பக்கத்தை அவர் பிடித்தார். பிள்ளைக்கு மேலே கூரை மாதிரி விரித்தோம். அவளுடைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடற்காற்று சேலையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. கை மரத்துப்போனது. சனங்கள் எங்களைத் தாண்டி ஓடி, அதோ கரை தெரியுது, ராமேஸ்வரம் தெரியுது என்று கூவினார்கள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல் நிற்கும்வரை அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டே நின்றோம்.